பேர் போட்ட பை

அந்தப் பயிற்சிக்கு என்னை அனுப்புனதுக்கு ஒரே காரணம், நான் மூணு நாள் சிவகங்கையில போய் இருந்தா வீட்டுல பட்டினி கிடக்க எனக்குப் புருஷன் கிடையாதுங்கிறதுதான். எங்க ஹெட்மாஸ்டர் ஜோசப் ராஜ் சார் இதை இப்பிடிப் பட்டுனு சொல்லல. "ஆரோக்கிய ஷீலா டீச்சர்தான் இதுக்குப் பொருத்தமானவக"ன்னு ஸ்டாஃப் ரூம்ல எல்லாரும் இருக்கையில அறிவிச்சாரு. மத்தவக அத்தனை பேரும் உடனே தலையை ஆட்டுனாக. ஒம்பது வருசமா வரலாறும் புவியியலும் நடத்துறவளுக்கு அந்தத் தலையாட்டு விளங்காமலா போயிரும்? வாயை மூடிக்கிட்டு பஸ் ஏறுனேன்.

அது தொண்ணூத்தேழு ஜூன் மாசம். பயிற்சிக்குப் பேரு 'நீடித்த தொழில்முனைவு'. மெட்ராஸ்ல இருந்து ஒரு தொண்டு நிறுவனத்துக்காரர் வந்திருந்தாரு. போர்டுல மூணு வட்டம் போட்டாரு. ஒண்ணு மண்ணு, ஒண்ணு மனுசன், ஒண்ணு லாபம். மூணு வட்டமும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்கிற நடு இடத்துல சாக்பீஸை வச்சுத் தேய் தேய்னு தேய்ச்சு, இங்கதான் நம்ம பிள்ளைகள் நிக்கணும்னாரு. வந்திருந்த நாப்பது வாத்தியார்மாரும் அதை அப்பிடியே நோட்டுல வரைஞ்சுக்கிட்டோம். வட்டம் வரையிறதுல எனக்குப் பிரச்சனை இல்ல. அதுக்குள்ள பிள்ளைகளை எப்பிடிக் கொண்டுபோய் நிறுத்துறதுன்னுதான் விளங்கல. எந்திரிச்சுக் கேட்டேன். நீங்க எதையும் சொல்லிக் குடுக்காதீங்க மேடம், அவங்களையே செய்ய விடுங்கன்னாரு. சொல்லிக் குடுக்கக் கூடாதுன்னா எங்களை எதுக்கய்யா மூணு நாள் உக்கார வச்சிருக்கீகன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. அதுக்குள்ள டீ வந்துட்டதால உக்காந்துட்டேன்.

ஒரு கையேடும் ஒரு வேப்பங்கன்னும் குடுத்து அனுப்புனாக. கையேட்டைப் பஸ்லயே படிச்சேன். முதல் அத்தியாயம் விளங்குன மாதிரி இருந்துச்சு. ரெண்டாவது அத்தியாயம் படிச்சதும் முதல் அத்தியாயம் விளங்காமப் போச்சு. பள்ளிக்கூடத்துக்கு வந்தா ஹெட்மாஸ்டர் எனக்கு முன்னாடியே எல்லாத்தையும் முடிவு பண்ணி வச்சிருந்தாரு. வெள்ளிக்கிழமை கடைசி ரெண்டு பீரியடு, ஒம்பதாம் வகுப்பு பி பிரிவு. ஜனவரியில காரைக்குடியில கண்காட்சி, அதிகாரிமாருக வர்றாக, நம்ம பிள்ளைக ஒரு தொழில் செஞ்சு காட்டணும்னாரு. என்ன தொழில் சார்னு கேட்டேன். அதை நீங்கதான டீச்சர் படிச்சிட்டு வந்திருக்கீகன்னு என்னையவே திருப்பிக் கேட்டாரு.

முதல் வெள்ளிக்கிழமை நானும் மூணு வட்டம் போட்டேன். என்ன தொழில் செய்யலாம்னு கேட்டதும் மாயக்கண்ணன் எந்திரிச்சு, வீடியோ கேசட் வாடகைக்கு விடலாம்னான். அது எந்த வட்டத்துல வரும்னு கேட்டேன். லாபத்துல வரும் டீச்சர்னான். வகுப்பே சிரிச்சுது. சின்னக்கருப்பு கோலி சோடான்னான். அவங்க மாமா திருப்பத்தூர்ல சோடாக் கம்பெனி வச்சிருக்காரு. இதுல மண்ணு எங்கடா வருதுன்னேன். பாட்டிலைத் தூக்கி எறியிறதில்லையே டீச்சர், குடிச்சிட்டுத் திருப்பிக் குடுத்துருவாகள்லன்னான். எனக்குச் சுருக்குனு இருந்துச்சு. கையேட்டுல பதினாறு பக்கம் சொல்லியும் ஏறாதது இவன் சொல்லி ஏறுது.

அப்பத்தான் முஸ்கான் எந்திரிச்சா. அவ அத்தா அபுதாஹிர் காரைக்குடியில பலசரக்குக் கடை வச்சிருக்காரு. அவ கையைக் கட்டிக்கிட்டு, கணக்குப் போடுற மாதிரி நிதானமாச் சொன்னா. ஊருணிக் கரை பூரா இப்ப கேரி பேக்கு. அவ அத்தா கடையிலயும் இப்ப அதுதான். ஆனா ஒவ்வொரு வீட்டுலயும் கதவுக்குப் பின்னாடி ஆணியில கல்யாண வீட்டு மஞ்சப்பை பத்துப் பதினைஞ்சு தொங்குது. அதை வாங்கித் தொவைச்சு, காது பிஞ்சதைத் தச்சு, கடைக்கு ஒரு சின்ன விலைக்குக் குடுப்போம். சரக்கு வாங்குறவக அதுல கொண்டு போகட்டும். பையைத் திருப்பிக் குடுத்தா ஒரு கட்டுக் கீரை இனாம். சோடாப் பாட்டில் மாதிரிப் பை சுத்திக்கிட்டே இருக்கட்டும். கீரையை நம்ம பள்ளிக்கூடக் கிணத்தடியில, பை அலசுற தண்ணியிலயே போட்டுக்கலாம்னு முடிச்சா. நான் திரும்பி போர்டைப் பாத்தேன். மூணு வட்டமும் சும்மா இருந்துச்சு. நான் என்னத்தைச் சொல்றது, சரின்னேன்.

பிள்ளைக கிளம்பிட்டாக. எங்க ஊரு, பக்கத்து ஊரு, கண்டனூரு வரைக்கும் போனாக. கண்டனூர்ல பெரிய பெரிய வீடெல்லாம் பூட்டிக் கிடக்க, காவக்காரரு ஒருத்தரு உள்ள மிஞ்சிக் கிடந்த கல்யாணப் பையை ஒரு சாக்குல கட்டிக் குடுத்திருக்காரு. செட்டியார் வீட்டுப் பைன்னா துணி அவ்வளவு கனம். முஸ்கான் அம்மா ஆசியா பீவி தையல் மிஷின் வச்சிருக்காக. பையை உள்புறம் வெளியில வர்ற மாதிரித் திருப்பி, ஓரம் அடிச்சுக் குடுத்தாக. எழுத்து உள்ள போயிருச்சு, வெளிய மொட்டை மஞ்சள். பாக்க நறுவிசா இருந்துச்சு. அன்னைக்குச் சாயங்காலம் வீட்டுல எங்கம்மா சகாயம்மாள்கிட்ட இதைப் பெருமையாச் சொன்னேன். பையைத் திருப்பித் தச்சிருவாகளான்னு மட்டும் ஒரு தடவைக்கு ரெண்டு தடவை கேட்டுக்கிட்டாக.

மொத வாரம் ஒரு பைகூட ஓடல. அபுதாஹிர் பாய் பள்ளிக்கூடத்துக்கே வந்து சங்கடப்பட்டுச் சொன்னாரு. பொம்பளைக கையில எடுத்து முன்னப் பின்னத் திருப்பிப் பாத்துட்டு வேணாம்னு வச்சிர்றாகளாம். பேரில்லாத மஞ்சத் துணி யாரு வீட்டுதோ, சாவு விழுந்த துஷ்டி வீட்டுல கட்டிக் குடுத்த துணியோ என்னமோ, அதுல எப்பிடி அரிசி வாங்கிட்டுப் போறதுன்னு ஒரு அம்மா கேட்டாகளாம். அதுக்குப் பெறகு கடைக்கு வந்தவக எல்லாரும் அதையே கேட்டிருக்காக. எனக்கு மண்டை காஞ்சு போச்சு. பிளாஸ்டிக் பைக்கு யாரு பேரு இருக்கு? அதை மட்டும் வாங்கிட்டுப் போறாகளே? கையேட்டைப் புரட்டுனேன். துஷ்டி வீட்டுத் துணி பத்தி ஒரு வரி இல்ல.

பிள்ளைக கவலைப்படல. தையலைப் பிரிச்சு, பேரு வெளிய தெரியிற மாதிரித் திருப்பிட்டாக. அடுத்த சந்தைக்குள்ள அத்தனை பையும் தீந்து போச்சு. அங்கதான் எனக்கு ரெண்டாவது கொழப்பம் ஆரம்பிச்சுது. ஏன்னா சனம் பையை வாங்கல, பேரை வாங்குது. பொண்ணு கல்யாணத்துக்கு நிக்கிற வீட்டுக்காரம்மா, நல்லா வாழுற ஜோடி பையாப் பாத்துக் குடுங்கங்கிறாக. பங்காளித் தகராறுல இருக்குறவரு அந்த வீட்டுப் பையை விரலால தொட மாட்டேங்கிறாரு. கண்டனூர் வீட்டுப் பையைக் கையில வச்சிருந்தா அந்தக் கல்யாணத்துக்கு அழைப்பு வந்த கௌரவம் போலருக்கு, அதுக்கு அடிபிடி. ஒரு அம்மா ரெட்டைப் பிள்ளை பெத்த ஜோடி பைதான் வேணும்னு நின்னு வாங்கிட்டுப் போனாகளாம். சின்னக்கருப்பு ஒரு நோட்டுப் போட்டு, எந்த ஜோடிக்கு எத்தனை பிள்ளை, யாரு எந்த ஊர்ல இருக்காகன்னு விசாரிச்சு எழுதி வச்சுக்கிட்டான். வரலாற்றுப் பாடத்துல முப்பத்தஞ்சு மார்க்கைத் தாண்டாத பய!

நான் நடத்துறது மண்ணைக் காப்பாத்துற பாடமா, ஊர்க்கதை சேக்குற பாடமான்னு எனக்கே தெரியல. ஆனா பை சுத்துது. ஊருணிக் கரையில கேரி பேக்கு கொறைஞ்சிருக்குன்னு கண்ணால பாத்தேன். கிணத்தடியில கீரை மதமதன்னு நின்னுச்சு. திருப்பத்தூர்ல முஸ்கானோட மாமா இனாமுல் ஹசன் தன் கடைக்கும் பை கேட்டாரு. ஹெட்மாஸ்டர் போறவங்க வர்றவங்களை எல்லாம் கூட்டிட்டு வந்து கீரைப் பாத்தியைக் காட்டுனாரு, என்னமோ அவரே வெதைச்ச மாதிரி.

இனி எங்க வீட்டுப் பரண் கதையைச் சொல்லியாகணும்.

தொண்ணூத்தி நாலு மே மாசம் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்துச்சு. மாப்பிள்ளை பேரு ஃபெலிக்ஸ், பேங்க்ல வேலை. கோயில்ல மூணு ஞாயித்துக்கிழமை ஓலை வாசிச்சாச்சு. இவங்க ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கிறதுல தடை ஏதும் தெரிஞ்சவங்க சொல்லலாம்னு சாமியார் மூணு தடவையும் கேட்டாரு. ஊர்ல ஒரு குஞ்சும் வாயைத் தொறக்கல. கல்யாணத்துக்கு ஒம்பது நாள் இருக்கையில மாப்பிள்ளைகிட்ட இருந்து ஒரு இன்லண்டு லெட்டர் வந்துச்சு. எனக்கு இந்தத் திருமணத்தில் விருப்பமில்லை, காரணம் கேட்க வேண்டாம், மன்னிக்கவும். அவ்வளவுதான். மேல சிலுவை, கீழ ஃபெலிக்ஸ் - ஆரோக்கிய ஷீலா, அதுக்கும் கீழ தேதி போட்டு அச்சடிச்ச ஐநூறு மஞ்சப்பை அதுக்கு மொத நாள்தான் பிரஸ்ல இருந்து வந்து எறங்கியிருந்துச்சு.

காரணம் கேட்க வேண்டாம்னு அவரு எழுதிட்டாரு. ஆனா ஊரு கேட்டுச்சே. ரெண்டு வருசத்துக்கு மேல கேட்டுச்சு. பொண்ணுக்கு வலிப்பு இருக்காம்னு ஒருத்தி, மொட்டைக் கடுதாசி போச்சாம்னு ஒருத்தி. நானும்தான் கேட்டேன், எனக்குள்ளயே. என் நிறமா, தூக்கலா இருக்குற பல்லா, எங்கம்மா பேச்சா, பொண்ணு பாக்க வந்தப்ப நான் சத்தமாச் சிரிச்சேனே அதுவா? அந்தப் பேச்செல்லாம் அடங்கி, நான் கடைத்தெருவுல சாதாரணமா நடக்க ஆரம்பிச்சு ஒரு வருசம்தான் ஆகியிருந்துச்சு. அந்த ஒரு வருசத்தை நான் எவ்வளவு பாடுபட்டுச் சம்பாரிச்சேன்னு எனக்குத்தான் தெரியும். பைக்கட்டு மட்டும் பரண் மேலயே கிடந்துச்சு. எரிக்க எங்கம்மாவுக்கு மனசு வரல, யாருக்கும் குடுக்கவும் முடியல.

டிசம்பர்ல கண்காட்சி நெருங்கையில பை பத்தல. சுத்தி வந்ததுல பாதி கிழிஞ்சு போச்சு. பிள்ளைக மறுபடி வீடு வீடாப் போனாக. நான் அரைப் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கிட்டுப் பள்ளிக்கூடத்துலயே உக்காந்திருக்கேன். அன்னைக்கு எங்க தெருவுக்கும் போயிருக்காக. எங்கம்மா ஸ்டூலைப் போட்டு ஏறி, அந்த ஐநூறையும் எறக்கிக் குடுத்திருக்காக. திருப்பித் தச்சிருவாக, எழுத்து உள்ள போயிரும்னு நினைச்சு. பேரு வெளிய வந்த கதையை நான் வீட்டுல சொல்லவே இல்ல. பேரு பேச்சை எங்க வீட்டுல எடுக்க எனக்கு நாக்கு வந்தாத்தான?

நாலு நாள் கழிச்சு நான் காரைக்குடிக்குப் போக பஸ் ஏறுனேன். உக்காந்தேன். எதிர் சீட்டுல ஒரு அம்மா மடியில மஞ்சப்பை. மேல சிலுவை. எங்க வேதக்காரங்க வீட்டுப் பை போலன்னு பாத்தேன். என் பேரு. பக்கத்துல அந்த ஆளு பேரு. முகத்தைத் திருப்புனா கண்டக்டர் சீட்டுக்குப் பக்கத்துல இன்னொண்ணு, அதுல கத்திரிக்காய் எட்டிப் பாக்குது. கம்பியில ஒண்ணு தொங்குது. மொத்தம் ஏழு. பையும் புதுசு, எழுத்தும் புதுசு, கொட்டை எழுத்து. அடுத்த ஸ்டாப்புல எறங்கி வீட்டுக்கு நடந்தே வந்தேன்.

எங்கம்மாவைப் பிடிச்சு உலுக்கி எடுத்துட்டேன். வாய்க்கு வந்ததெல்லாம் கேட்டேன். எழுத்து வெளிய தெரியுதுன்னு கேட்டதும் எங்கம்மா அப்பிடியே சுவத்துல சாஞ்சு உக்காந்துட்டாக. அங்க இருந்தே என்னை நிமிர்ந்து பாத்தாக.

"தெரியாமச் செஞ்சுட்டேன்டி. ஆனா ஒண்ணு கேக்குறேன், எத்தனை வருசம்தான் அந்தக் கட்டுக்குக் கீழயே பாயை விரிச்சுப் படுத்துக் கிடப்ப?"

அதைக் கேட்டு எனக்குக் கோவம்தான் வந்துச்சு.

அந்த வாரம் எனக்கு நரகம். மீன்காரி நிறுத்தி, கமுக்கமா முடிச்சிட்டீகளே டீச்சர், ஒரு வாய்ச் சோறு போட்டா கொறைஞ்சா போயிருவீகன்னு கோவிச்சுக்கிட்டா. பூசை முடிஞ்சு வெளிய வர்றேன், ரெண்டு பேரு என்னைப் பாத்ததும் பேச்சை நிறுத்துறாக. தபால்காரரு வாழ்த்துச் சொன்னாரு. தேதியைச் சரியாப் படிச்சவக அதுக்கும் மேல, பழைய கதையை மொதல்ல இருந்து எடுத்துட்டாக. வலிப்பு மறுபடி வந்துருச்சு, மொட்டைக் கடுதாசி மறுபடி வந்துருச்சு. மூணு வருசம் நான் ஊதி ஊதி அணைச்ச அடுப்பு ஒரு வாரத்துல கொழுந்துவிட்டு எரியுது. இதைப் பத்த வச்சது யாரு? நான் பாடம் நடத்துன பிள்ளைக. எதைச் சொல்லி? நான் போட்ட வட்டத்தைச் சொல்லி.

வெள்ளிக்கிழமை வகுப்புக்குள்ள நுழைஞ்சதும் சொல்லிட்டேன். சிலுவை போட்ட பை அத்தனையும் திரும்ப வரணும், கடைக்குக் கடை போங்க, வீட்டுக்கு வீடு போங்க, ஐநூறும் இங்க வரணும், இல்லைன்னா இந்தத் தொழிலே வேணாம், கண்காட்சியும் வேணாம்னேன். என் குரல் எனக்கே நல்லால்ல. பிள்ளைக பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருந்தாக. முஸ்கான் மட்டும் எந்திரிச்சா. கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு நின்னுச்சு.

"எங்களுக்குத் தெரியும் டீச்சர், அது உங்க பேருன்னு. நீங்களே குடுத்து விட்டீகன்னுதான் நினைச்சோம். எங்களுக்காக உங்க பையையே குடுத்துட்டீகன்னு... நாங்க என்ன தப்புப் பண்ணுனோம் டீச்சர்?"

இந்தக் கேள்வியும் கையேட்டுல இல்ல. சின்னக்கருப்பு தலையைக் குனிஞ்சுக்கிட்டே, இருக்குறதுலயே அந்தப் பைதான் நல்லா ஓடுது டீச்சர், புதுத் துணி, கனத்தையும் தாங்குதுன்னு முனகுனான். உக்காருடான்னேன். எடுத்துட்டு வரச் சொன்னா எடுத்துட்டு வாங்கன்னு மேஜையைத் தட்டுனேன். அவனவன் எந்தெந்தக் கடைக்குப் போறதுன்னு குசுகுசுன்னு பிரிச்சுக்க ஆரம்பிச்சாக. பிள்ளைக முகத்தைப் பாத்தா பாவமா இருக்கு, என் பாட்டை நினைச்சா ஆத்திரமா இருக்கு, எது எதுன்னு பிரிக்கத் தெரியல.

அந்த நேரத்துல பியூன் சொக்கு வாசல்ல வந்து நின்னாரு. உங்களைப் பாக்க ஒருத்தரு வந்திருக்காரு, பள்ளிக்கூட கேட்டுப் பக்கத்துல நிக்கிறாரு, உள்ள கூப்பிட்டா வர மாட்டேங்கிறாருன்னாரு.

கேட்டுக்கிட்ட வேப்பமரத்தடியில ஒரு ஆளு, அக்குள்ல எதையோ மடிச்சு இடுக்கிக்கிட்டு நின்னாரு. தொப்பை, முன் வழுக்கை. யாரோ பிள்ளையோட அப்பான்னு நினைச்சு, சொல்லுங்க சார்னேன். அவரு நிமிர்ந்த பெறகுதான் தெரிஞ்சுது, ஃபெலிக்ஸ். மூணு வருசமா இந்த ஆளை மனசுக்குள்ள நிக்க வச்சு எத்தனை கேள்வி கேட்டிருப்பேன்! அந்த ஆளுக்கு வழுக்கையும் கிடையாது, தொப்பையும் கிடையாது. அதனால எனக்கு ஒரு நிமிசம் எந்தக் கேள்வியும் ஞாபகம் வரல.

நல்லாருக்கீகளான்னு கேட்டாரு. இருக்கேன்னேன். அக்குள்ல இருந்து எடுத்து விரிச்சுக் காட்டுனாரு. மஞ்சப்பை. அவருக்கு ஆறு மாசத்துக்கு முன்னாடி திருப்பத்தூருக்கு மாத்தலாம். வீட்டம்மா பேரு மரிய அனிதாவாம். போன வாரம் இனாமுல் ஹசன் கடையில பருப்பு வாங்கப் போனவக இந்தப் பையோட வீட்டுக்கு வந்து, ஃபெலிக்ஸ் நீங்க, ஆரோக்கிய ஷீலா யாருன்னு கேட்டிருக்காக. என்னைப் பத்தி ஒரு வார்த்தை அவகளுக்கு அவரு சொன்னதில்ல. அன்னையில இருந்து அந்தம்மா பேசுறதில்லையாம். மறுநாள் பக்கத்து வீட்டுலயும் இதே பை, எதிர் வீட்டுலயும் இதே பை. நான் வேணும்னு செய்யிறேன்னு அவரு நினைக்கலையாம். ஆனா எப்பிடியாச்சும் எல்லாப் பையையும் நான் திருப்பி வாங்கிரணுமாம்.

"தெருவுல தலை காட்ட முடியல டீச்சர்"ன்னாரு.

எத்தனை நாளான்னு கேட்டேன். அஞ்சு நாளான்னாரு. நான் அஞ்சுன்னு விரலை மடக்கிப் பாத்தேன். கேலிக்குச் செய்யல, கை தானா மடங்குச்சு. அவரு கீழ பாத்துக்கிட்டாரு. அப்பத்தான் கேள்வி ஞாபகம் வந்துச்சு. ஆயிரம் கேள்வி இல்ல, ஒண்ணே ஒண்ணுதான்.

"ஏன்னு மட்டும் ஒரு தடவை சொல்லிருங்க. கேக்க வேண்டாம்னு எழுதியிருந்தீக. இப்ப கேக்குறேன்."

அவரு மரத்தைப் பாத்தாரு, கேட்டைப் பாத்தாரு. பையை நாலா மடிச்சாரு, விரிச்சாரு. "அப்ப ஒரே கொழப்பமா இருந்துச்சு"ன்னாரு. "ஏன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கே சரியாத் தெரியல."

இன்னும் ஏதோ வரும்னு காத்திருந்தேன். வரல, அவ்வளவுதான். என் பல்லு இல்ல, என் நிறம் இல்ல, என் சிரிப்பு இல்ல, மொட்டைக் கடுதாசி இல்ல. ஒண்ணுமே இல்ல. மூணு வருசம் இல்லாத ஒண்ணைத் தேடி நான் என்னையே பிறாண்டி எடுத்திருக்கேன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த வேப்பமரத்தையே பிடுங்கியிருப்பேன். ஆனா வாயில இருந்து வந்தது வேற.

"கொழப்பம்னா எனக்கும்தான் சார் கொழப்பம். ஆறு மாசமா எனக்கே விளங்காத பாடத்தை நடத்திக்கிட்டிருக்கேன். அதுக்காக ஒம்பதாம் வகுப்புக்கு நாலு வரி லெட்டர் எழுதிப் போட்டுட்டு ஓடிட்டேனா? தினம் போய் நிக்கலையா?"

அவரு பையை மறுபடி மடிச்சாரு. நான்தான் பேசுனேன். பையைத் திருப்பி வாங்க முடியாது, அது என் பை இல்ல, பிள்ளைக பை, பேரு இருக்குறதாலதான் அது ஓடுதுன்னேன். சொல்லிக்கிட்டிருக்கையிலயே எனக்கு ஆச்சரியமா இருந்துச்சு, பத்து நிமிசத்துக்கு முன்னாடி இதே வாய்தான மேஜையைத் தட்டிக்கிட்டு அத்தனை பையையும் கேட்டுச்சு? வீட்டுல நடந்ததை நடந்தபடி சொல்லுங்க, எனக்குச் சொல்லாம விட்ட மாதிரி அந்தம்மாவையும் விட்றாதீக, அவக தன்கிட்ட என்ன கொறைன்னு தேட ஆரம்பிச்சா லேசுல நிறுத்த முடியாதுன்னேன்.

அவரு கிளம்பப் போனவரு, கையில இருந்த பையை என்ன செய்யிறதுன்னு தெரியாம நின்னாரு. நான் கையை நீட்டுனேன். குடுத்தாரு. சொக்குவைக் கூப்பிட்டு, கிணத்தடியில ஒரு கட்டுக் கீரை பிடுங்கிட்டு வரச் சொன்னேன். பையைத் திருப்பிக் குடுத்தா கீரை குடுக்கணும், அதுதான் பிள்ளைக வச்ச சட்டம்னேன். வேர்ல மண்ணோட கீரைக்கட்டைக் கையில பிடிச்சுக்கிட்டு அவரு பஸ் ஸ்டாப்பைப் பாத்து நடந்தாரு. பாவமாத்தான் இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன்.

வகுப்புக்குள்ள வந்தா பிள்ளைக பையைக் கேட்டு வாங்கக் கிளம்பி வாசல்லயே நிக்கிறாக. யாரு டீச்சர் அதுன்னு முஸ்கான் கேட்டா. பை திருப்பிக் குடுக்க வந்தவரும்மான்னேன். எல்லாரும் உக்காருங்க, யாரும் எங்குட்டும் போக வேணாம்னேன். அவகளுக்கு ஒண்ணும் விளங்கல. விளங்காமலே உக்காந்துட்டாக, அதுவும் சந்தோசமா.

நான் பையை மேஜை மேல வச்சேன். ஓரத் தையல்ல கொஞ்சம் பருப்புத்தூள் ஒட்டியிருந்துச்சு. சின்னக்கருப்பு கிட்ட வந்து, பேரை ஒரு தரம் பாத்தான், என்னை ஒரு தரம் பாத்தான்.

"இந்தப் பையை மட்டும் தனியா எடுத்து வச்சிரவா டீச்சர்?"

"எதுக்குடா தனியா?"ன்னேன். "தொவைச்சுக் காயப் போடு. நாளைக்குச் சந்தைக்குப் போகணும்ல."